காருக்கு எது சொந்தம்?

1950ஆம் ஆண்டு செவர்லே காரின் முன்கண்ணாடிக்கு மேல், தொப்பி விளிம்பு மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருப்பதைப் பழைய அமெரிக்கப் படங்களில் பார்த்திருக்கலாம். அதுதான் வெளிப்புற சன் வைசர். கார்களில் ஏ.சி. அபூர்வமாக இருந்த காலம். வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே அதை மறித்துவிடுவதுதான் வைசரின் வேலை. மில்வாக்கியைச் சேர்ந்த ஃபுல்டன் நிறுவனம் பல கார்களுக்கும் பொருந்தும் வைசர்களை விற்றது. செவர்லே டீலர்களும் கேட்டவர்களுக்குத் தனிக் காசுக்கு மாட்டிக் கொடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வைசர் வெயிலோடு சேர்த்து சிக்னல் விளக்கையும் மறைத்தது. விளக்கு என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள, டேஷ்போர்டின் மேல் வைக்கும் ஒரு கண்ணாடி வில்லையையும் வாங்க வேண்டியிருந்தது.

1950களில் நிறமேற்றிய கண்ணாடியும், பக்கவாட்டில் வளைந்து செல்லும் அகலமான முன்கண்ணாடியும் வந்தன. வைசரின் கதை முடிந்தது. எஞ்சியவை இன்று பழைய கார்ப் பிரியர்களின் கையில் இருக்கின்றன. அவற்றோடு ஒரு தத்துவச் சிக்கலும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது பெரும்பாலான கார்களில் வைசர் கிடையாது. அப்படியானால் அது காரின் பகுதியா, காரின் மேல் உட்கார்ந்திருக்கும் வேறொரு பொருளா? பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று வேலையைத் தொடங்குபவர் அதைப் புதுப்பிக்க வேண்டுமா, கழற்றி எறிய வேண்டுமா?

இந்த மாதிரிக் கேள்விக்கு வயது அதிகம். ‘மிலிந்த பன்ஹா’ என்ற பாலி நூலில், மிலிந்தர் என்ற கிரேக்க அரசரிடம் நாகசேனர் என்ற பிக்கு கேட்கிறார்: தேரில் வந்தீர்களே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்த நிலைக்கு நாம் வழங்கும் பெயர்தான் தேர் என்பதில் உரையாடல் வந்து நிற்கிறது. இந்தக் கணக்குப்படி, வைசர் காருக்குள் அடங்குமா என்பதை முடிவு செய்வது வழக்கமே தவிர இரும்பு அல்ல.

வைசேஷிகம் என்ற இந்தியத் தத்துவ மரபினர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு, உறுப்புக்கும் முழுமைக்கும் இடையே இருப்பது பிரிக்க முடியாத உறவு, அதாவது சமவாயம். தனித்தனிப் பொருள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பது வெறும் சம்யோகம். வைசர் மாட்டப்படும் விதத்தைப் பார்த்தால் அது சம்யோகம் என்றே தோன்றும். இரு ஓரங்களிலும், கதவுக்கு மேலே மழைநீர் வழிந்தோடும் விளிம்பை கிளாம்ப் கவ்விப் பிடிக்கிறது. இரண்டு துண்டான முன்கண்ணாடியின் நடுச்சட்டத்தில், ரப்பர் வைத்த ஒரு தாங்கி முட்டுக்கொடுக்கிறது. தாங்கி தளர்ந்தால், வேகமாகப் போகும்போது காற்று அடியில் புகுந்து தகட்டைத் தூக்கும். கிளாம்பை அளவுக்கு மீறி முடுக்கினால் விளிம்பு நசுங்கும். நாலைந்து திருகுகளைக் கழற்றினால் உறவு முடிந்தது.

ஆனால் அது அவ்வளவு சுத்தமாக முடிவதில்லை. பல வருடம் கவ்வியிருந்த கிளாம்ப், விளிம்பில் தன் பல்லைப் பதித்துவிட்டுப் போகிறது. பட்டியையும் பெயிண்டையும் சுரண்டிப் பார்த்தால், வைசர் தொலைந்துபோன காரிலும் அந்தத் தழும்பு அகப்படலாம்.

இந்தத் தழும்புக்கு என்ன மதிப்பு? அமெரிக்காவில் 1935 முதல் இயங்கும் ஏஏசிஏ என்ற பழங்கார்ச் சங்கத்தின் போட்டி விதி, டீலர் அந்தக் காரை எப்படித் தயார்செய்து தந்திருக்க முடியுமோ அந்த நிலையை அளவுகோலாக வைக்கிறது. அந்த ஆண்டின் கம்பெனிப் பட்டியலில் இருந்த துணைச் சாமான்கள் எல்லாம் இதில் அடங்கும். இந்தக் காரில் வைசர் இருந்ததா என்பது கேள்வி இல்லை. இருந்திருக்க முடியுமா என்பதே கேள்வி.

உலகப் பழங்கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டூரின் சாசனம் வேறு திசையில் போகிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது அது. வண்டி வழக்கமான பயன்பாட்டில் இருந்த காலத்தில் அதில் செய்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சி. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. உற்பத்தியான நாளுக்கே திரும்பிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

இங்கிலாந்தில் இந்த மாதிரிக் கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ பென்ட்லி, பிறகு எஞ்சின் மாறி, 1932இல் விபத்தில் நொறுங்கி, வேறு உடலோடு எழுந்தது. அதே கார்தானா என்ற வழக்கில், 1990இல் நீதிபதி ஆட்டன் ஆம் என்றார். அறுபடாத வரலாறு இருந்ததே போதுமாக இருந்தது.

இந்த வெளிச்சத்தில் இரண்டு செவர்லேக்களை நிறுத்திப் பார்க்கலாம். ஒன்றின் மேல் சந்தையில் வாங்கிய, அசலான 1950ஆம் ஆண்டு வைசர். ஆனால் அந்தக் காரில் எந்நாளும் வைசர் இருந்ததில்லை. மற்றதில் கிளாம்ப் தழும்பு இருக்கிறது. வைசரோ போன வருடம் வார்த்த ஃபைபர்கிளாஸ். முதலாவதில் உலோகம் உண்மை, வரலாறு கற்பனை. இரண்டாவதில் நேர்மாறு. பார்வையாளர் கண்ணுக்கு முதலாவதே அசல். ஆனால் தன் காருக்கு நிஜமாக நடந்ததைச் சொல்வது இரண்டாவதுதான்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மாற்றிப் போட்ட பாகங்களில் அழியாத, உறுத்தாத அடையாளம் இட வேண்டும் என்கிறது டூரின் சாசனம். வைசரின் அடிப்புறத்தில், கண்ணாடிப் பக்கமாக, ஆண்டைப் பொறிக்க இடம் தாராளமாக இருக்கிறது. விற்கும்போது விலை குறையுமே என்று அதைப் பொறிக்காமல் விடுகிறவரிடம் நாகசேனர் தேரைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். தேரோட்டியைப் பற்றிக் கேட்டிருப்பார்.