12 மில்லி

பின்னிரவு. வார்மரின் வெளிச்சத்தில் ஓர் ஆண் குழந்தை. பிறந்து மூன்றாம் நாள். பிறந்த எடை 1,400 கிராம்.

2,500-க்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை. ஏட்டில் எழுதுகிறேன். எழுதியபின் எண் கண்ணில் நிற்பதில்லை. விரல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நகம் இருக்கிறது.

*

உறிஞ்சுவது. விழுங்குவது. மூச்சு விடுவது.

மூன்றும் ஒன்றுக்கொன்று வழிவிடப் பழக, கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரம் ஆகும். இவனுக்கு 31.

அதுவரை குழாய்.

*

மூக்கு நுனி. காது மடல். அங்கிருந்து நெஞ்செலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் நடுவே. அளந்து அடையாளம் இடுகிறேன்.

*

சிரிஞ்சின் தண்டை எடுத்துவிடுகிறேன். தள்ளக் கூடாது. பால் தானாக இறங்க வேண்டும்.

கை உயர்ந்தால் வேகம். தாழ்ந்தால் நிதானம்.

தோள் வலிக்கிறது. வலி இருக்கிறது. பால் இறங்குகிறது.

12 மில்லி.

*

"சிஸ்டர், இவ்வளவுதான் வந்துச்சு."

கிண்ணத்தின் அடியில் மஞ்சளாகச் சீம்பால்.

"போதும்மா."

கடைசிச் சொட்டையும் பஞ்சில் தொட்டு அவன் கன்னத்தின் உட்புறம் தடவுகிறேன். நாக்கு அசைகிறது.

*

வயிற்றில் விரல் வைக்கிறேன். மெத்தென்று இருக்கிறது.

பக்கத்துக் குழந்தைக்கு உப்பியிருக்கிறது. குழாயில் பச்சை. பாலை நிறுத்தியாயிற்று. டாக்டர் வருகிறார். இந்த வயதுக் குடல் சட்டென்று புண்ணாகிவிடும்.

பயம் வருகிறது. கை கழுவுகிறேன்.

*

ஜன்னலோரத்தில் 33 வாரக் குழந்தை. இவளுக்குப் பாலாடை.

வீடுகளில் இருக்கும் அதே பாலாடைதான். இங்கே கொதித்து வருகிறது.

தலையைச் சற்று உயர்த்திப் பிடிக்கிறேன். பாலாடையின் மூக்கு உதட்டோரத்தில். ஊற்றுவதில்லை. சாய்க்கிறேன். விழுங்குகிறாள். நிறுத்துகிறாள். மூச்சு. உதடு நீலமாகிறதா என்று பார்க்கிறேன். இல்லை. மறுபடி சாய்க்கிறேன்.

அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குள் போகும். ஒரு குழந்தைக்கு அரை மணிகூட ஆகிறது. இரவுப் பணியில் இன்னும் ஒரு செவிலியர் வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

*

விடிகிறது. நாற்காலியில் அம்மா. மார்போடு அவன். தோலோடு தோல்.

1978-இல் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய வழி. இல்லாமையில் பிறந்தது.

குழாயில் பால் இறங்குகிறது. அவன் வாய், பீய்ச்சி முடித்த மார்பில். அங்கே பால் அதிகம் இல்லை. சப்பிப் பார்க்கிறான். விடுகிறான். மறுபடி சப்புகிறான்.

அம்மா பேசவில்லை. நானும்.

உடல் வெப்பம் 36.8.

*

காலை எடை 1,370 கிராம். 30 குறைவு. முதல் வாரத்தில் குறையும். பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகலாம்.