கடினப் பாதையும் இலகுப் பாதையும்
(சிவனொளிபாதமலை யாத்திரை பற்றிய ஒரு சிந்தனை)

வழிபாட்டில் மெய்வருத்தத்துக்கு உரிய இடம் எது என்ற கேள்வி சைவ மக்களாகிய எமக்குப் புதியதன்று. காவடி எடுப்பவரையும், சுடுமணலில் பிரதட்டை செய்பவரையும், தீ மிதிப்பவரையும் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வருத்தம் கூடக் கூடப் பலனும் கூடும் என்ற எண்ணம் எம்மிற் பலருக்கு ஊறிப்போயுள்ளது. இலகுவாகக் கும்பிட்டவர் ஏதோ குறைவாகக் கும்பிட்டவர் என்பது அதன் மறுபக்கம். இந்த எண்ணம் சரியானதா என்பதைச் சிவனொளிபாதமலை யாத்திரையை வைத்துச் சிந்திக்க விரும்புகின்றேன்.

2,243 மீற்றர் உயரமான இம்மலையின் உச்சிப் பாறையிலுள்ள பாத அடையாளத்தைச் சைவர்கள் சிவபெருமானின் திருவடி என்றும், பௌத்தர்கள் புத்தபெருமானின் பாதம் என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதம் என்றும் போற்றுகின்றனர். கிறிஸ்தவர்களிற் சிலர் புனித தோமையாரோடு தொடர்புபடுத்துவர். மணிமேகலைக் காப்பியம் இதனைச் சமந்தம் என்ற பெயரால் குறிப்பிடுகின்றது. டிசெம்பர் மாதத்து உந்துவப் பூரணையில் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாதத்து வெசாக் பூரணையுடன் நிறைவடையும். ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறுவதே இன்று பெரும்பாலானோர் செல்லும் பாதை. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தல ஊடாக ஏறும் பாதை இதனிலும் நீண்டது, கடினமானது. அவ்வழியால் ஏறியவர்கள் நல்லதண்ணி வழியால் ஏறியவர்களைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இந்த இளக்காரம் இன்று நேற்று வந்ததன்று. மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி மன்னரைச் சந்தித்தார். பாத தரிசனம் செய்யவேண்டும் என்பதே அவர் மன்னரிடம் கேட்ட உதவி. மன்னர் ஒரு பல்லக்கையும் அதனைச் சுமப்போரையும் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குச் சென்றுவரும் யோகிகள் நால்வரையும் பிராமணர் சிலரையும் துணைக்கு அனுப்பிவைத்தார். மலைக்கு இரு பாதைகள் இருந்தன என்று அவர் எழுதுகின்றார். ஒன்று ஆதமின் பெயரால் வழங்கிய கரடுமுரடான பாதை. மற்றையது ஏவாளின் பெயரால் வழங்கிய இலகுவான பாதை. இறங்குவோர் இலகுப் பாதையால் இறங்கலாம். ஆனால் அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே அவர்கள் கருதுவதில்லையாம். பல்லக்கிற் பயணம் புறப்பட்ட ஒருவரின் கையால் இச்செய்தி எமக்குக் கிடைத்திருப்பதை எண்ணும்போது சிறு புன்னகை வருகின்றது.

வருத்தத்துக்கு ஏற்ற பலன் என்பது ஒரு கூலிக் கணக்கு. அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்தவனுக்கு இக்கணக்கு நன்கு புரியும். இத்தனை மணித்தியாலம் மேலதிக வேலை, இவ்வளவு படி. ஆனால் எம்பெருமானின் கந்தோரில் இப்பதிவேடு உண்டா என்பதே கேள்வி. நாயன்மார் வரலாறுகளைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகின்றது. கயிலை மலைக்குச் சென்றோரையே எடுத்துக்கொள்வோம். காரைக்காலம்மையார் இறைவனின் மலையிற் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார். சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானையில் ஏறிச் சென்றார்; சேரமான் பெருமாள் குதிரையிற் சென்றார். ஔவைப் பாட்டியைப் பிள்ளையார் துதிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்னரே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது வழிவழி வந்த கதை. நடந்த தூரம் பார்த்து இவர்களில் ஒருவருக்கு வாசற்படியும் ஒருவருக்கு உள்வீதியும் என்று பிரித்து வைக்கப்படவில்லை.

அப்பர் சுவாமிகளின் வரலாறோ இவையெல்லாவற்றிலும் ஆழமானது. முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டவர் கால் தேயும்வரை நடந்தார், கை தேயும்வரை தவழ்ந்தார், பின் மார்பினால் ஊர்ந்தார், உருண்டார். அவ்வேளை முனிவர் வடிவில் வந்த இறைவன் மானிட உடலோடு அங்கு போதல் அரிது, திரும்பிப் போம் என்கிறான். தரிசிக்காமல் இவ்வுடலைக் கொண்டு மீளேன் என்கிறார் அப்பர். அங்கிருந்த தடாகத்தில் மூழ்கச் சொல்ல, மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார் என்று பெரியபுராணம் கூறும். அவர் உச்சிக்குப் போகவில்லை. காட்சியோ முழுமையாகக் கிடைத்தது. கூலிக் கணக்கு இங்கே எவ்விதத்திலும் பொருந்தாது.

அப்படியாயின் ஏன் ஏறவேண்டும், வீட்டிலிருந்தே கும்பிடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் இலகுவாக்கிவிட்டால் யாத்திரை சுற்றுலாவாகிவிடும் என்று பெரியோர் கூறுவதிலும் உண்மை உண்டு. ஏறிப் பார்த்தவர்களுக்கு இதன் விடை ஓரளவு தெரியும்.

சில வருடங்களுக்கு முன் எமது ஊரிலிருந்து வான் ஒன்று பிடித்துச் சென்றோம். கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் இருந்தபடியால், வழக்கம்போல் இரவில் ஏறாமல் விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பகலிலேயே ஏறினோம். தொடக்கத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாகப் பாதை சாதுவாகத்தான் போகின்றது. பிறகு படிகள் ஒன்றுபோல் ஒன்று இராமல் உயரமும் பதிவுமாய் வருகின்றன. முதல் ஆயிரம் படிவரை கதைத்துக்கொண்டு போனோம். அடுத்த ஆயிரத்தில் கதை நின்றது. அதன் பிறகு மூச்சும் அடுத்த படியும் மாத்திரந்தான். வகித்த பதவி, வங்கிப் புத்தகம், ஊர்ப் பகை எதுவும் நினைவில் வரவில்லை. மேலிருந்து இறங்கும் சிங்கள யாத்திரிகர்கள் ‘கருணாவாய்’ என்று எங்களை வாழ்த்திச் செல்கிறார்கள். தோட்டத்துச் சனங்கள் ‘அரோகரா’ என்கிறார்கள். செங்குத்தான இடத்தில் எல்லோரும் ஒரே இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். நீர் எந்த ஊர், எந்தப் பகுதி என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கோயில் வாசலில் அதைக் கேட்ட காலம் எங்கள் பக்கத்தில் இருந்தது என்பதை வயதானவர்கள் அறிவார்கள். மலை செய்யும் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். ‘நான்’ என்பதைக் கொஞ்ச நேரத்துக்கு மூச்சுவாங்க வைக்கிறது.

ஆச்சியால் ஓரளவுக்கு மேல் முடியவில்லை. தேநீர்க் கடை ஒன்றில் இருந்துவிட்டார். அவருடைய பேரன் உச்சி மணியை அடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தவன். “நீ போட்டு வா ராசா” என்றார் ஆச்சி. “மலை எங்கை ஓடப்போகுது ஆச்சி, பிறகு வருவம்” என்று சொல்லி அவனும் பக்கத்திலேயே இருந்துவிட்டான். இருவரும் படியோரத்தில் கற்பூரம் கொளுத்தி, உச்சியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நாங்கள் மேலே போய்த் தரிசித்தோம். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தரம் மணியடிப்பது அங்குள்ள வழக்கம். எங்களில் ஒருவர் ஏழு தரம் அடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டாயிரம் படிக்குக் கீழே விட்டுவந்த ‘நான்’ வேறு வழியால் ஏறி எமக்கு முன்னரே அங்கு வந்து நின்றது!

இறங்கும் வழியில், “பாவம் பெடியன், யாத்திரை அரைவாசியிலை நிண்டு போச்சு” என்று ஒருவர் சொன்னார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தவம் என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் இரண்டு விடயங்களைச் சேர்த்துச் சொல்கிறார்: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதே எமது வழக்கம். வருத்தத்தை ஒருவர் தாமாக ஏற்றால் அது தவமாகலாம். அதையே அடுத்தவரிடம் எதிர்பார்த்தால், அளந்தால், அது வேறு ஏதோ ஒன்று. முதலாம் விஜயபாகு மன்னன் (1055–1110) மலைக்கு வரும் யாத்திரிகர் பசியாற ஏற்பாடு செய்ததை அம்பகமுவக் கல்வெட்டு கூறுகின்றது. யாத்திரை கஷ்டமாக இருந்தாற்றான் புண்ணியம் என்று அம்மன்னன் வாளாவிருக்கவில்லை.

இதையெல்லாம் இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருவிழாக் காலத்தில் பிரதட்டை செய்வோருக்காக வெளிவீதி மணலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றும், தெளித்தால் அது நேர்த்தியே ஆகாது என்றும் பரிபாலன சபையில் இரு கருத்துகள் இருந்தன. நிலத்தில் இருக்க முடியாதவர்களுக்கு மண்டபத்தில் கதிரை போடுவது பற்றியும் அவ்வாறே. இவ்வருடத் திருவிழாவில் காலை எட்டு மணி முதல் நான்கு வீதிகளுக்கும் தண்ணீர் தெளிக்கப்படும். மண்டபத்தின் தெற்குப் பக்கத்தில் கதிரைகள் போடப்படும். சுடுமணல்தான் வேண்டும் என்று நேர்ந்துகொண்ட அடியார்களுக்காக வீதியின் வெளியோரம் தெளிக்கப்படாமல் விடப்படும்.