துத்தநாகத்தின் தியாகம்

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள், எங்கள் வீட்டு வாசல் கேட்டின் கொண்டி என் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது என்று சொல்லுகிறோமே, அது வெறும் பேச்சு வழக்கு அல்ல. உண்மையாகவே தின்றுதான் இருந்தது. பட்டறையில் புதுக் கொண்டி ஒன்று அடித்து வாங்கி வந்தேன். வாங்கி வந்தவன் அதை மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கல்லூரியில் நான் படித்த இரண்டே இரண்டு வருஷங்களில் ரசாயனமும் ஒரு பாடம். அந்த விட்டகுறை தொட்டகுறை எங்கோ உள்ளே உறுத்தியது. கொண்டிக்கும் அதன் திருகாணிகளுக்கும் வீட்டிலேயே துத்தநாக முலாம் பூசிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

வாசகர்கள் சிரிக்க வேண்டாம். இதற்கு ஆலை வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். ஊறுகாய்க்காக வாங்கி வைத்திருந்த வினிகர் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய. மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு இரண்டு கரண்டி. முலாம் சற்றுப் பளிச்சென்று வருவதற்குக் கொஞ்சம் சர்க்கரை. டார்ச் விளக்குப் பாட்டரி இரண்டு. இரண்டு துண்டுக் கம்பி. துத்தநாகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தீர்ந்துபோன பழைய மாதிரிப் பாட்டரியின் மேல் உறைக்குள் இருக்கும் குப்பியே துத்தநாகந்தான். அதை வெட்டி, உள்ளே இருக்கும் கரிய பொடியைக் கழுவி எறிந்துவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டேன். (ஆல்கலைன் என்று போட்டிருக்கும் பாட்டரியை யாரும் வெட்டிவிடாதீர்கள். அதற்குள் இருப்பது கையைப் புண்ணாக்கும் காரம்.)

தகட்டை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். கொஞ்சம் துத்தநாகம் அதில் கரைந்துகொண்டது. பாட்டரியின் நேர்முனையைத் தகட்டுக்கும் எதிர்முனையைக் கொண்டிக்கும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் இரண்டையும் ஜாடிக்குள் தொங்கவிட்டேன். இருபது நிமிஷம் காத்திருந்தேன். முதல் தடவை வந்தது முலாம் அல்ல. விரலால் தொட்டால் உதிரும் சாம்பல்.

காரணம் எளிது. கொண்டியை நான் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. பட்டறைக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற இடத்தில் துத்தநாகம் ஒட்டாது. அதோடு, அவசரத்தில் மூன்றாவது பாட்டரி ஒன்றையும் சேர்த்துவிட்டேன். மின்சாரம் மிதமிஞ்சிப் போனால் உலோகம் படியாது. பஞ்சுபோலக் கருத்துப் பொங்கும். இரண்டாம் தடவை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரில் ஊறவைத்து, மறுபடியும் தேய்த்தேன். இந்த வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு தேய்ப்பதுதான். மின்சாரத்துக்கு மிச்சம் இருப்பது பத்து. இந்தத் தடவை இரும்பின் மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில், மேகம் மூடின நிலவு மாதிரி ஒரு வெளிர்சாம்பல் நிறம் பரவிற்று. எத்தனை துத்தநாகம் படிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.3 ஆம்பியர் மின்சாரம் 20 நிமிஷம் ஓடினால், அதிகம் போனால் 0.12 கிராம். அதிலும் ஒரு பகுதி மின்சாரம் குமிழிகளிலேயே வீணாகிவிடுகிறது.

முலாம் என்ற சொல்லுக்கு நம் பேச்சில் நல்ல பெயர் கிடையாது. 'முலாம் பூசிப் பேசுகிறான்' என்றால் அவனை நம்பாதே என்று பொருள். சாயம் வெளுத்துவிட்டது என்கிறோம். கவரிங் நகையைக் கண்டால் உதட்டைப் பிதுக்குகிறோம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருந்தால் அது பொய் என்பது நம் தீர்ப்பு. ஆனால் அடுப்பங்கரையில் நாம் வேறு நியாயம் பேசுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால், 'ஐயோ, இது வேஷம்' என்று எந்தப் பெண்மணியும் கதவைச் சாத்தியதில்லை. புளிக்குழம்பு பித்தளையோடு பேசக் கூடாது என்பதற்காக நடுவே ஒரு மெல்லிய பூச்சு. அது பொய் அல்ல, காவல். (என் துத்தநாகப் பரிசோதனையை மட்டும் யாரும் சமையல் பாத்திரத்தில் செய்து பார்க்க வேண்டாம். புளிப்புப் பட்டால் துத்தநாகம் கரைந்து உணவில் இறங்கும், வயிற்றைப் புரட்டிவிடும்.)

காவலிலும் இரண்டு தினுசு உண்டு. வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டையும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டையும் தகரம் என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். அது பெரிய அநியாயம். வெள்ளீயம் பழுதில்லாமல் இருக்கும் வரையில் காவல் காக்கும். ஓர் ஆணி கீறிவிட்டதோ, போயிற்று. கீறின இடத்தில் ஈரம் பட்டால், பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாகத் துரு இறங்கும். துத்தநாகம் அப்படி அல்ல. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் தான் முந்திக்கொண்டு கரையும். கரையக் கரைய, எலெக்ட்ரான்களை இரும்பின் பக்கம் தள்ளி, அதைக் கரையவிடாமல் நிறுத்தி வைக்கும். இரும்புக்கு வரவேண்டிய நோயைத் தான் வாங்கிக்கொள்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'தியாகப் பாதுகாப்பு' என்று வரும்.

இந்த இடத்தில் எழுத்தாளன் புத்தி சும்மா இருக்குமா? உடனே எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா காலமானார். அக்காவுக்கு அப்போதுதான் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. அதன் பிறகு அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அவள் 'இப்போது வேண்டாம்' என்றாள். அந்த 'இப்போது' முடியவே இல்லை. என் கல்லூரிச் சம்பளத்தை அவள் கட்டினாள். நான் இரண்டு வருஷம் படித்துவிட்டு, எழுதப் போகிறேன் என்று புத்தகங்களை மூட்டை கட்டினேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் என் இரண்டாவது நாவல் அச்சானபோது, 'தியாகத்தின் திருவுருவமான என் தமக்கைக்கு' என்று முதல் பக்கத்தில் போட்டேன். மேடைகளில் அவளைப் பற்றிப் பேசும்போது என் குரல் தழுதழுக்கும். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கும் ஒரு திருப்தி.

நான் கொண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து சேர்ந்தாள். சென்ற வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள். மாதம் ஒரு தடவை வருவாள்.

"ஏண்டா, கதை எழுதறதை விட்டுட்டு ஈயம் பூசக் கிளம்பிட்டியா?"

"ஈயம் இல்லே அக்கா, துத்தநாகம்" என்று ஆரம்பித்து, கீறலையும் கரைதலையும் தியாகத்தையும் சொல்லி முடித்தேன். கடைசியில், "உன்னைத்தான் நினைச்சேன்" என்றேன்.

அவள் காப்பியை ஆற்றியபடியே ஜாடியைப் பார்த்தாள். தகடு அரித்துப் போய் ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது.

"இதை யாரு கேட்டுண்டு கம்பியை மாட்டினே?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"திருவுருவம்னு எழுதிட்டா, அப்புறம் திருப்பிக் கொடுக்க வேண்டாம் பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெண்டைக்காய் என்ன விலை என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, என் மனைவிக்குக் கறிகாய் நறுக்க உள்ளே போய்விட்டாள்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. துத்தநாகம் தியாகம் செய்யவில்லை. அதன் சுபாவம் அது. இரும்பைவிடச் சுலபமாக எலெக்ட்ரானை விட்டுவிடும் உலோகம். மறுக்கத் தெரியாத ஒன்று கொடுப்பதைத் தியாகம் என்று சொல்லலாமா? மறுக்க முடிந்தவன் கொடுத்தால்தான் அது கொடை. இந்த மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய ஆய்வகம் ஒன்று இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் கொடுக்காமல் இருந்திருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்டிருக்க முடியாது. அது கொடை. ஒரு வீட்டில் மூத்த பெண் கொடுப்பது எந்த வகை? அவளுடைய சுபாவமா, அவளுடைய சம்மதமா, அல்லது நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மாட்டிய கம்பியா? அம்மாவின் கண்ணீர் ஒரு கம்பி. 'உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்' என்ற உறவினர் பேச்சு ஒரு கம்பி. நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேனே, அதுவும் ஒன்றுதான். தியாகம் என்ற பெயரை எப்போதும் வாங்கிக்கொண்டவர்களே வைக்கிறார்கள். கரைந்தவர் வைத்து நான் கேட்டதில்லை.

இன்னொரு சங்கதியும் நினைவுக்கு வந்தது. கல்லூரிக் காலத்தில் படித்தது. அந்நாளில் பிரிட்டிஷ் கடற்படையின் மரக் கப்பல்களுக்கு அடியில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல்நீர் செம்பை அரித்தது. இதற்கு வழி காணும்படி ஹம்ப்ரி டேவியைக் கேட்டார்கள். 1824இல் அவர் கண்டுபிடித்த வழி, செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிடுவது. அந்தத் துண்டு கரைந்தது, செம்பு அரிபடவில்லை. விஞ்ஞானம் ஜயித்தது. ஆனால் கப்பல்கள் வேகம் குறைந்து தள்ளாடின. அடியில் பார்த்தால் கொட்டலசும் பாசியும் கடற்சிப்பியும் அப்பிக்கிடந்தன. முன்னெல்லாம் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த விஷத்தால் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. இப்போது அது கரையவில்லை, அதனால் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன. சில வருஷங்களுக்குள் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள்.

டேவியின் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் கணக்கு தப்பவில்லை. செம்பைக் காப்பாற்றச் சொன்னார்கள், காப்பாற்றினார். அந்தச் செம்பைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரவேண்டிய அரிப்பு ஒன்றும் என்மேல் படாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். கடன்காரன் வாசலில் நின்றபோது நான் உள்ளே நாவல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளில் இரண்டு நாள்தான் நான் போனேன். பரீட்சை என்று காரணம் சொன்னேன், அந்தப் பரீட்சையையும் எழுதவில்லை. நான் கரைந்திருந்தால் சிலது என்னிடம் ஒட்டாமல் போயிருக்கும். மேடையில் தழுதழுக்கிற அந்தக் குரல், அது எந்தக் காலத்துக் கொட்டலசு?

இதற்காக அவள் கொடுத்தது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் இல்லாவிட்டால் நாங்கள் தெருவில் நின்றிருப்போம். காவல் காப்பது நல்லது. காக்கப்பட்டவன் என்ன செய்தான் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குத் துத்தநாகம் பொறுப்பாகாது.

சாயங்காலம் புறப்படும்போது அக்கா தன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பிரித்துப் பார்த்தேன். இரும்புக் கொண்டி ஒன்று, துருவேறிக் கருஞ்சிவப்பாக இருந்தது. முதல் உத்தியோகத்துக்குப் போனபோது அவள் வாங்கின டிரங்குப் பெட்டியினுடையது. பட்டறையில் கொடுத்துச் சரி செய்யலாம் என்று எடுத்து வந்தாளாம்.

"உன் ஜாடியிலேயே போடு. கூலி எவ்வளவுன்னு சொல்லிடு" என்றாள்.

"கூலியா? போ அக்கா."

"இல்லேடா. இதைப் பூசறதுக்கு ஒரு நாள் முழுக்க உக்காந்து தேய்க்கணும்னு நீதானே சொன்னே? உக்காந்து தேய். அதுதான் கூலி."

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். கொண்டியை அன்று இரவே வினிகரில் போட்டேன். மூன்று நாளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கீல் வளைவுக்குள் துரு இன்னும் இருக்கிறது. உப்புத்தாள் அங்கே எட்டவில்லை. பழைய பல் பிரஷ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.