நீர்க்கரையில் நாய்க்கு இடம் உண்டா?

பொதுவிடம் யாருக்கு உரியது? எல்லார்க்கும் உரியது என விடை கூறுதல் எளிது. அவ்வெல்லாருள் யார் யார் அடங்குவர் என்று கேட்கும்போதே சிக்கல் தோன்றுகிறது. நாய் வளர்க்கும் குடும்பங்கள் விடுமுறைதோறும் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே. கடற்கரைக்கோ ஏரிக்கரைப் பூங்காவுக்கோ செல்ல விரும்புகிறோம்; வீட்டில் ஒருவராகிவிட்ட நாயைத் தனியே விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. அதற்கு இசைவு தரும் கரை எங்கே உள்ளது என்று தேடுகிறோம். பல வாயில்களில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்னும் பலகையே நம்மை எதிர்கொள்கிறது. சிறிதெனத் தோன்றும் இவ்வினாவுள் பெரியதோர் அறம் பொதிந்துள்ளது. அதனைச் சற்றே ஆராய்வோம்.

தேவிகுளம் என்னும் பெயரிலேயே நீர் நிற்கிறது. சீதாதேவி நீராடிய குளம் என்பது மக்கள் வழக்கு. மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளின் நீர்ப்பரப்பைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அவ்வழகுக்கு அருகிலேயே, தேயிலை பயிரிட மலையேறி வந்த தமிழ்மக்களின் வழித்தோன்றல்கள் லயங்களில் வாழ்கின்றனர். லயத்து முற்றத்தில் நாயும் ஒரு குடியே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, தேவிகுளம் வட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மறைந்தன. நாள் பல தேடியும் கிட்டாதிருந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை, அக்குழந்தையோடு விளையாடி வளர்ந்த குவி என்னும் நாய் ஆற்றோரத்தில் நின்று காட்டிக் கொடுத்தது. அந்நீர்க்கரையில் அந்நாய்க்கு இடமுண்டா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்.

ஆயினும் அதே பெட்டிமுடிக்குச் செல்லும் சாலை, இராஜமலை வழியாக இரவிகுளம் தேசியப் பூங்காவினூடே செல்கிறது. 1975இல் காப்பிடமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்த 97 சதுர கிலோமீட்டர் நிலம், வரையாடுகளின் புகலிடம். அங்கே வளர்ப்பு விலங்குகளை அழைத்துச் செல்லக் கூடாது. நாயின் அன்பைக் கண்ட மண்ணிலேயே நாய்க்குத் தடையா எனச் சிலர் வருந்தலாம். காரணத்தை அறிந்தால் வருத்தம் தணியும். நாயைக் கண்டால் வரையாடு வெருண்டோடும். நாயின் நோய்கள் செந்நாய் முதலிய காட்டுயிர்களுக்கும் பரவக் கூடும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் வீட்டு நாய்களிடமிருந்து பரவிய 'டிஸ்டெம்பர்' நோயால் ஏறத்தாழ 1,000 சிங்கங்கள் மடிந்தன. மற்றொன்றும் நோக்கத்தக்கது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் இரவிகுளத்தின் வாயில் சுற்றுலா வரும் மனிதருக்கும் அடைக்கப்படுகிறது. ஆகவே அத்தடை நாயை இழிவுபடுத்த எழுந்ததன்று; தாய்மையைக் காக்க எழுந்தது.

சென்னைக் கடற்கரையிலும் இந்நிலையே. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. அவற்றை நாய்கள் தோண்டித் தின்றுவிடுகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து அம்முட்டைகளைத் திரட்டிக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

எனினும் 'அனுமதி இல்லை' என்னும் சொல் நம்மவர் நெஞ்சில் ஒரு பழம்புண்ணைத் தீண்டாமல் இராது. தேவிகுளம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த காலத்தில், அவ்வரசுக்குட்பட்ட வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாயும் மாடும் நடந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாதென விலக்கப்பட்டனர். 1924-25இல் நிகழ்ந்த அறப்போரில் பெரியார் ஈ.வெ.ரா. சிறை புகுந்தார். 1927இல் மராட்டிய நாட்டு மகாடு நகரில், விலங்குகள் நீர் பருகிய சவுதார் குளத்தில் தாழ்த்தப்பட்ட மக்களும் நீரருந்த உரிமை கோரி அம்பேத்கர் தம் மக்களை அழைத்துச் சென்றார். நாய்க்குத் திறந்திருந்த நீர்க்கரை மனிதனுக்கு மூடியிருந்த நாடு இது. இதனை மறந்து நாயின் உரிமையை மட்டும் பேசுவோமாயின், நம் அருளில் குறை உண்டு.

அவ்வாறாயின் எல்லாத் தடையும் ஒன்றா? அல்ல. ஒரு தடை யாரைக் காக்கிறது என்பதே அதன் உரைகல். வைக்கத்துத் தடை வலியோரின் செருக்கைக் காத்தது. இரவிகுளத்துத் தடை வாயில்லா உயிரின் வாழ்வைக் காக்கிறது. முன்னது உடைக்கத்தக்கது, பின்னது போற்றத்தக்கது.

காக்கப்பட வேண்டியவர் எவரும் இல்லாத இடத்திலும் நாயைத் துரத்துவது அறமாகாது. அதற்கு வழி கண்ட நாடுகள் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1972 முதல் நாய்களுக்கெனவே ஒரு கடற்கரை உள்ளது. இங்கிலாந்தின் பல கடற்கரை ஊர்களில் மக்கள் நீராடும் மே முதல் செப்டம்பர் வரை நாய்களுக்குத் தடை. மற்ற மாதங்களில் இசைவு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1998இல் இயற்றிய சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் நாய்கள் கயிறின்றி உலவ ஓரிடமேனும் ஒதுக்க வேண்டும் என்கிறது. காலத்தாலும் இடத்தாலும் பகிர்ந்துகொண்டால் ஒரே கரை பலருக்கும் உரியதாகும். அந்நாடுகளில் குடியேறிய நம் குடும்பங்கள் இதனை நேரில் கண்டறிவர்.

இங்கே பாரதக் கதையின் முடிவை நினைவுகூர்தல் தகும். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுத்தான் தருமன். நாயோடு வெளியே நிற்கவும், பெறற்கரிய பேற்றை இழக்கவும் ஒருப்பட்டான். தன் அன்பின் விலையைத் தானே செலுத்த முன்வந்தான்; பிறர் தலையில் அதனைச் சுமத்தவில்லை. நாய் வளர்ப்போர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

கரையில் ஒரு குழந்தை நாயைக் கண்டு நடுங்குகிறது. 'எங்கள் நாய் கடிக்காது' என்கிறோம். அது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. உலகில் வெறிநாய்க்கடியால் இறப்போருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. எனவே அவ்வச்சம் அறியாமையன்று. கயிற்றைக் குறுகப் பிடிப்பதும், உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதும், நாயின் கழிவை நம் கையாலேயே அகற்றுவதும் அன்பின் விலைகள். இடம் கிடையாத நாளில் நாயோடு வீட்டிலேயே இருந்துவிடுவதும் அவ்விலையுள் அடங்கும்.

நாய்க்கு நீர்க்கரையில் இடம் உண்டு. அவ்விடத்தை ஈட்டித் தர வேண்டியவர், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் நாமே.