ஒரு வாய்க் காற்று

ஹந்தானை. விடிந்தும் விடியாத நேரம்.
பைனஸ் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம். நகரவில்லை. கலையவும் இல்லை.

*

மேசையில் ஒரு மீன் செதில்.
டொரொண்டோவிலிருந்து தம்பி கடிதத்தோடு வைத்து அனுப்பியது. விடுமுறைக்குப் புவேர்ட்டோ ரிக்கோ போயிருக்கிறான். சான் ஹுவான் பக்கத்துக் களப்பில் ஒரு டார்பன். பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டானாம். செதில் மட்டும் படகில் ஒட்டிக் கிடந்ததாம்.

*

உள்ளங்கையில் வைக்கிறேன். பாதிக்கு மேல் மறைகிறது.
விளிம்பில் மட்டும் வெள்ளி. மற்றதெல்லாம் நகத்தின் மங்கல்.
சன்னலுக்கு நேரே பிடிக்கிறேன். வளையத்துக்குள் வளையம்.
50 வயதைத் தாண்டி வாழ்கிற டார்பன்கள் உண்டு.
எண்ணத் தொடங்குகிறேன். பிறகு எண்ணவில்லை.

*

மூக்கருகே கொண்டுபோகிறேன்.
உப்பு வாசம் இல்லை. கடிதத்தாளின் வாசம்.

*

அந்த மீனுக்குச் செவுள் இருக்கிறது. ஆனாலும் மேலே வருகிறது.
உயிர்வாயு குறைந்த தண்ணீரில் வாயைத் திறந்து ஒரு மிடறு காற்று. உள்ளே ஒரு பை. அதுவே நுரையீரல்.
முதுகு புரண்டு மறைகிறது. தண்ணீர் மூடிக்கொள்கிறது.
படகில் இருப்பவர்கள் அந்த மூச்சுக்காகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

*

தேத்தண்ணி ஆறுகிறது.
ஆவி, முதலில் நிறைய. பிறகு ஒரு நூல்.
பிறகு கோப்பை.

*

இறக்கத்தில் நூதனசாலை. 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை.
உருளைகள் அப்படியே நிற்கின்றன. கொழுந்தின் பச்சை வாசம் இல்லை.
வாசலில் ஒரு நாய் தூங்குகிறது. வயிறு ஏறுகிறது. இறங்குகிறது.

*

கண்டி வாவி.
வயலாக இருந்த இடம். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தேக்கிய தண்ணீர்.
யாரும் தூண்டில் போடவில்லை. ஒரு பிள்ளை பாண் துண்டைப் பிய்த்துப் போடுகிறது. தண்ணீர் வாய்களாகிறது.

*

இந்த வாவியில் அலிகேட்டர் கார் அகப்பட்டிருக்கிறது. நீண்ட தாடை. மெக்சிக்கோ வளைகுடாவில் விழும் ஆறுகளின் மீன். டார்பனின் கடலுக்குப் பக்கத்து வீடு.
கண்ணாடித் தொட்டிக்குக் கொள்ளாமல் யாரோ கொண்டுவந்து விட்டிருக்கலாம்.
அதுவும் மேலே வந்துதான் காற்றுக் குடிக்கும்.
நம் விராலும்.

*

நடுவில் ஒரு குமிழி.
எதனுடையது என்று தெரியவில்லை.

*

கெட்டம்பே. மகாவலி மழைக்குப் பிறகு செம்மண் நிறத்தில் போகிறது.
கரையில் ஒரு பெரியவர். மூங்கில் கம்பு. தங்கூசி. சிரட்டையில் மண்புழு.
தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பின் ஒரு துண்டு. ஓரத்தில் இன்னும் நீலம் இருக்கிறது.

*

தக்கை நிற்கிறது.
அவரும் அசையவில்லை.
என் மூச்சு எனக்குக் கேட்கிறது.

*

டார்பன் துள்ளும்போது பிடிப்பவன் மீனை நோக்கிக் குனிய வேண்டும். கம்பைத் தாழ்த்த வேண்டும். நூல் தளர வேண்டும்.
இறுக்கிப் பிடித்தால் அறுந்துபோகும். எலும்பாய் இறுகிய வாய். முள் ஆழமாய் ஏறாது.
தம்பி குனிந்தானா என்று எழுதவில்லை.

*

இந்த ஆறு இங்கிருந்து வடக்கே திரும்பி, கிழக்கே போய், கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மொத்தம் 335 கிலோமீற்றர்.
டார்பனின் சின்ன இனம் இந்த நாட்டுக் கழிமுகங்களிலும் உண்டு.
நடுவில் பொல்கொல்லை. விக்டோரியா. ரந்தெனிகலை. அணைகள்.
மேலே ஏற வழி இல்லை. தண்ணீர் மட்டும் இறங்குகிறது.

*

பெரியவர் கம்பைத் தூக்குகிறார். உள்ளங்கை அளவு ஒரு திலாப்பியா.
அதன் மூதாதையும் இந்த ஊர் இல்லை. ஆபிரிக்க மீன். 1950களில் இங்கு வந்தது.
வாய் திறக்கிறது. மூடுகிறது. திறக்கிறது.
இவ்வளவு காற்று. அதற்கு ஆகவில்லை.

*

பைக்குள் கொஞ்ச நேரம் சத்தம்.
பிறகு ஆற்றின் சத்தம் மட்டும்.

*

ஏற்றம். மானாப் புல் நனைந்திருக்கிறது.
நாலு எட்டுக்கு ஒரு மூச்சு. பிறகு மூன்று எட்டுக்கு.
நிற்கிறேன். வாய் தானாகத் திறக்கிறது.

*

லயத்துப் பக்கம் விறகுப் புகை.
தூரத்தில் நக்கிள்ஸ் மலை. இருக்கிறது. பிறகு பனி.

*

செதில் உறைக்குள் போகிறது.
விரல் நுனியில் ஒரு பொட்டு வெள்ளி.

*

கணுக்காலில் ஒரு அட்டை. எப்போது ஏறியதோ.
பிடுங்கவில்லை. குடித்து முடித்துத் தானாக விழுகிறது.
கடிவாயில் இரத்தம் மெல்லக் கசிகிறது.

வெளியே பனி இறங்குகிறது.