பசுமைப் பொருளும் வாங்குபவரின் கடமையும்

சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த பொருளை வாங்குவீர்களா என்று கேட்டால், வாங்குவோம் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். கடையில் பணம் எடுக்கும்போது பலருடைய கை வேறு பொருளை நோக்கிப் போகிறது. நுகர்வோர் ஆய்வுகள் பல நாடுகளில் கண்ட முரண்பாடு இது. சொல்லும் செயலும் ஒத்துப்போகாததை அறக்குறை என்று தீர்ப்பது எளிது. வாங்கும் மனம் எவற்றால் உருவாகிறது என்று பார்த்த பிறகே அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்.

முதல் தடை விலை. எல்இடி பல்பு குண்டு பல்பைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் எரியும், பல ஆண்டு உழைக்கும் என்று தெரிந்தும், அது விலை உயர்ந்திருந்த காலத்தில் இந்தியாவின் நடுத்தர வீடுகள்கூட வாங்கத் தயங்கின. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் மத்திய அரசு நிறுவனம் ஒன்று பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மின்கட்டணத்தோடு சேர்த்துத் தவணையாகச் செலுத்தவும் வழி செய்யப்பட்டது. அத்திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சில ஆண்டுகளில் மக்களின் மனசாட்சி திடீரெனக் கூர்மையாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்பு வாங்காதிருந்தவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று பழித்திருந்தால், அது பெரும் அநீதியாக இருந்திருக்கும். அன்றாடக் கூலியில் அரிசி வாங்கும் குடும்பத்திடம் இயற்கை வேளாண் அரிசிக்குக் கூடுதல் விலை கேட்டுவிட்டு, அது தயங்கினால் குறை சொல்வதும் அதே அநீதிதான்.

விலை கொடுக்க முடிந்தவர்களையும் நம்பிக்கையின்மை தடுக்கிறது. ஒரு சோப்பு ஆற்றுநீரைக் கெடுக்கிறதா என்று வாங்குபவர் தாமே சோதித்துப் பார்க்க முடியாது; உறையில் எழுதியதை நம்பவேண்டியிருக்கிறது. இதற்காகவே இந்திய அரசு 1991இல் மண்பானைச் சின்னத்துடன் எக்கோமார்க் முத்திரையைக் கொண்டுவந்தது. மிகச் சில நிறுவனங்களே அதை நாடின. பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் பானை அறிமுகமாகவே இல்லை. அந்த வெற்றிடத்தை ‘இயற்கையானது’, ‘பசுமையானது’ போன்ற, எவரும் சரிபார்க்காத சொற்கள் நிரப்பின. ‘தூய டீசல்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் கார்கள், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளுடன் விற்கப்பட்டது 2015இல் அமெரிக்காவில் அம்பலமானது. இத்தகைய ஏமாற்று, வாங்கியவரோடு நிற்பதில்லை. உண்மையாகவே செலவு செய்து தூய பொருள் தயாரிப்பவரின் சொல்லையும் அது செல்லாக்காசாக்குகிறது. இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பொய்யான பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மிகவும் தாமதமாக வந்தாலும் தேவையான நடவடிக்கை அது.

பிறர் நடத்தைக்கும் வலிமை உண்டு. அமெரிக்க ஓட்டல் ஒன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், துண்டை மறுபடி பயன்படுத்திச் சுற்றுச்சூழலைக் காக்குமாறு கேட்ட அட்டைக்கு ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் இணங்கினர். விருந்தினரில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள் என்ற அட்டைக்கு 44 விழுக்காட்டினர் இணங்கினர். தான் ஒருவர் மட்டும் சிரமப்பட்டு என்ன பயன் என்ற எண்ணம் பலரைத் தளர வைக்கிறது. அதைச் சுயநலம் என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. சுமை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற நியாய உணர்வும் அதில் கலந்திருக்கிறது.

அந்த நியாய உணர்வுக்கு நீலகிரியின் காலி மதுபாட்டில்கள் நல்ல பதில் தந்தன. காடுகளில் வீசப்பட்ட பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரத் தொடங்கின. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த யாருக்கும் இழப்பும் இல்லை.

ஆகவே பொறுப்பின் பெரும்பங்கு விலையையும் முத்திரையையும் விதியையும் தீர்மானிக்கும் அரசிடமும் நிறுவனங்களிடமும் இருக்கிறது. நுகர்வோரின் பங்கு அவரவர் வசதிக்கும் அறிவுக்கும் ஏற்பக் கூடும், குறையும். வசதியும் தகவலும் உள்ள ஒருவர், அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதற்கு ஏழையின் இயலாமையைக் காரணம் காட்ட முடியாது.

அவருக்கும் வாங்குவதோடு கடமை முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆனால் துணிப்பைக்கான பருத்தியை விளைவிக்கவும் நெய்யவும் நீரும் எரிபொருளும் செலவாகின்றன. பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலும், பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் அரசு 2018இல் வெளியிட்ட ஆய்வு கணித்தது. வீட்டில் துணிப்பைகள் மடித்துக் கிடக்க, கடைதோறும் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வருபவர் அந்தக் கணக்கை எட்டுவதே இல்லை.