மலையேறும் கேள்விகள்

1902-ஆம் ஆண்டு. தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்துவந்த சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். கல்லூரியில் தத்துவம் படித்தவர். மலைமேல் விரூபாட்சி குகையில் இளம் துறவி ஒருவர் பேசாமல் அமர்ந்திருக்கிறார் என்று அறிந்து ஏறிப் போனார். துறவிக்கு அப்போது வயது 22. பிள்ளை கேட்டார், துறவி சைகையாலும் எழுத்தாலும் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில்களிலிருந்து பிறந்த சிறு நூல்தான் ‘நான் யார்?’. அந்த இளைஞரைப் பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது.

ஒருவரிடம் போய், கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு இறங்கிவருவதற்குப் பெயர் நேர்காணல் என்றால், தமிழ் மண்ணில் நடந்த நேர்காணல்களில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில் ஜவ்வாது மலை நிற்கிறது. வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்குள்ளும் அது நீள்கிறது. போளூரிலிருந்து ஒரு பாதை, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக இன்னொரு பாதை என இரண்டும் ஜமுனாமரத்தூரில் சேர்கின்றன. இந்தப் பாதைகளிலும் இப்போது கேள்விகள் ஏறுகின்றன. தேன் குப்பியின் லேபிளுக்கு ஒரு வாசகம் வேண்டும். சாமை பாக்கெட்டின் பின்புறத்துக்கு ஒரு கதை வேண்டும். கடைக்காரருக்கும் வங்கிக்கும் காட்ட, இவற்றை விற்கும் விவசாயிகள் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் பேசும் இரண்டு நிமிட வீடியோ வேண்டும்.

இங்கே ஒரு பழைய அறக்கேள்வி புது உருவில் எழுகிறது. விற்பதற்காகக் கேட்டு வாங்கும் சொல் வாய்மையாக இருக்க முடியுமா? அச்சேறிய பிறகு அந்தச் சொல் யாருடையது?

ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. சாமையும் தேனும் புளியும் பலாவும் இம்மலையின் செல்வங்கள். இவற்றை இடைத்தரகர் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் தாங்களே விற்க, பழங்குடி விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனமாகத் திரண்டிருக்கிறார்கள். இதற்கு வழி திறந்தது 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் வந்த திருத்தம். உற்பத்தியாளர்கள் 10 பேர் சேர்ந்தால் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் 5 பேருக்குக் குறையக்கூடாது, 15 பேருக்கு மிகக்கூடாது. முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் கட்டாயம்.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. சென்னையில் ‘இயக்குநர்’ என்றால் கண்ணாடி அறை, செயலாளர், இருபது நிமிட நேரம் என்று மனத்தில் ஒரு படம் விரியும். மலையிலோ காலையில் சாமைக் காட்டில் களை பறித்தவரே மாலையில் இயக்குநர் குழுவில் உட்காரலாம். சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒரே வரிசை. நேர்காணலுக்கு வருபவர் கண்ணிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் விளம்பர எழுத்தில் ஊறிப்போன ஒரு பழக்கம் உண்டு. அதிகாரியைச் சந்திக்கும் முன்பே அவர் சொல்லப்போவதை எழுதி முடித்துவிடுவது. ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்று ஒரு வரியைத் தயாரித்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, மின்னஞ்சலில் அனுப்பி, ‘சரி’ என்ற ஒரு சொல்லைப் பதிலாக வாங்கினால் வேலை முடிந்தது. அவர் வாயிலிருந்து அது வரவே இல்லை. இருந்தும் அவர் பெயரில், அவர் படத்துக்குக் கீழே அது நிற்கிறது.

சட்டம் இதன் ஓரத்தைத் தொடுகிறது. 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைத்து ஒருவர் பேசினால் அது அவருடைய உண்மையான, நடப்புக் கருத்தாக இருக்க வேண்டும்; போதிய தகவலோ அனுபவமோ அதற்கு அடிப்படையாக வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பது சட்டத்தின் கவலை. அறத்தின் கவலை அங்கே நிற்பதில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுதும்போது, பேசியவராகக் காட்டப்படுபவருக்கும் தீங்கு நேர்கிறது. அவருடைய சொல்லின் மேல் அவருக்கு உள்ள உரிமை பறிபோகிறது. பணத்தை எடுத்தால் திருட்டு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஒருவருடைய வாயை எடுத்துக்கொள்வதற்கு நம்மிடம் பெயர்கூட இல்லை.

விற்பனையே தாழ்ந்தது, அதற்காகப் பேசும் சொல் எப்படியும் கறைபட்டதுதான் என்று சிலர் வாதிடலாம். தமிழ் மரபு அப்படிக் கருதவில்லை. வாங்கும்போது மிகுதியாக எடுக்காமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் வணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை மனமாரப் புகழ்கிறது. விலையை மறைக்காமல் சொல்வதும் அந்தப் புகழில் அடக்கம். சொல்லிலும் இதே அளவுகோலைப் பிடிக்கலாம்: அவர் சொன்னதற்கு மேல் எடுக்காதே, வாசகருக்குக் குறைத்துக் கொடுக்காதே.

நம் காலத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பின், 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பாடமாக எழுதியது. அவரிடம் கேட்க வந்தவர்கள் நிர்வாக உத்திகளைத் தேடி வந்தார்கள்; அவரோ பார்வையற்றவருக்குச் செய்யும் தொண்டைப் பற்றியும், ஸ்ரீ அரவிந்தரிடம் தான் கற்றதைப் பற்றியும் பேசினார். அந்தப் பேச்சு மருத்துவமனையின் பெயரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. உண்மையாக நம்புவதைச் சொல்லவிட்டால் சந்தைக்கும் அது பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தச் சொல்லைப் பெறுவது எப்படி?

கடோபநிடதம் ஒரு சிறுவனின் கதையைச் சொல்கிறது. தந்தையின் கோபச் சொல்லால் நசிகேதன் எமனின் வீட்டு வாசலுக்குப் போகிறான். எமன் வீட்டில் இல்லை. மூன்று இரவு உண்ணாமல் காத்திருக்கிறான். திரும்பிவந்த எமன், விருந்தினரைக் காக்கவைத்த குறைக்கு ஈடாக மூன்று வரம் தருகிறான். மூன்றாவது வரமாக, இறந்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்று நசிகேதன் கேட்கிறான். அதை மட்டும் விட்டுவிடு என்று எமன் பசுக்கூட்டம், யானை, பொன், நீண்ட ஆயுள் என்று ஒவ்வொன்றாக நீட்டுகிறான். சிறுவன் எதையும் தொடவில்லை. கடைசியில் எமனே மகிழ்ந்து, இப்படிக் கேட்பவன் கிடைப்பது அரிது என்கிறான்.

பெரிய நிறுவனத்தின் தலைவரைச் சந்திக்க அலைந்த எவருக்கும் இந்த வாசல் தெரிந்ததுதான். காத்திருப்பது முதல் பாடம். எதற்காகக் கேட்கிறோம், எங்கே வெளிவரும், எவ்வளவு நேரம் ஆகும், அச்சுக்குப் போகும் முன் யார் படிப்பார் என்று நான்கு வரியில் நேர்மையாக எழுதிய கடிதம் பல கதவுகளைத் திறக்கும். இரண்டாவது, அவர் ஒருவரால்தான் பதில் சொல்ல முடியும் என்ற கேள்வியோடு போவது. ஆண்டறிக்கையில் அச்சாகியிருப்பதை மறுபடி கேட்டு அவர் நேரத்தைச் செலவழிப்பது அவமரியாதை. மூன்றாவது பாடம்தான் கடினமானது. நிறுவனங்களும் யானையையும் பொன்னையும் நீட்டும்: விருதுப் பட்டியல், விற்றுமுதல் கணக்கு, வழவழப்பான கையேடு. அவற்றை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டால் கேட்க வந்த கேள்வி வாசலிலேயே கிடக்கும்.

மலையில் நீட்டப்படும் மாற்றுப்பொருள் வேறு. வந்தவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதையே சொல்லி அனுப்பிவிடும் பண்பு அது. ‘எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க’ என்ற வரி அங்கேயும் ஒரு வாசற்கதவுதான். அது திறக்க ஒரு வருகை போதாது. களையெடுப்பு நாளிலும் அறுப்பு நாளிலும் போய் நின்றுகொண்டு பேச்சை எதிர்பார்ப்பது தவறு. அன்றைக்கு ஒரு மணி நேரம் என்பது அவர்களுக்குக் கூலி.

கேட்பது என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். தமிழில் ‘கேள்’ என்றால் வினவு. ‘கேள்’ என்றால் செவிகொடு. திருக்குறளின் 42-ஆவது அதிகாரம் ‘கேள்வி’. அங்கே அச்சொல்லுக்குப் பொருள் வினா அன்று. பெரியோர் சொல்வதைச் செவியால் கற்பது. 30-ஆவது அதிகாரம் ‘வாய்மை’. வாயிலிருந்து வரும் சொல்லின் ஒழுக்கத்துக்கு ஓர் அதிகாரம், காதில் விழும் சொல்லின் ஒழுக்கத்துக்கு ஓர் அதிகாரம் என்று வள்ளுவர் இரண்டையும் தனித்தனியே வகுத்துவைத்தார். வினவத் தெரிந்தும் செவிகொடுக்கத் தெரியாதவருக்குத் தமிழில் அந்த வினைச்சொல் பாதிதான் வசப்பட்டிருக்கிறது.

செவிகொடுப்பது எப்படி என்பதை இந்த மலையே காட்டுகிறது. காவலூரில் 1968 முதல் வானாய்வு நடக்கிறது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளத்தை இங்கிருந்து பதிந்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் முன் அதன் ஒளி மங்கி மீண்டதை இங்கேயும் பதிந்தார்கள். யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நாள் அது. 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. காவலூருக்கு இவை கைகூடியதன் காரணங்களில் ஒன்று இருட்டு. சுற்றிலும் விளக்கு பெருகினால் மங்கலான விண்மீன் காணாமல் போகும். அது வானில்தான் இருக்கும்; கண்ணாடிக்கு எட்டாது.

பேட்டி எடுப்பவரின் கெட்டிக்காரத்தனம் அப்படியொரு தெருவிளக்கு. நீளமான முன்னுரையோடு கேட்பது, பதிலைத் தானே முடித்துவைப்பது, இடையில் தன் கருத்தைச் சொல்வது எல்லாம் எதிரில் இருப்பவரின் மெல்லிய ஒளியை மூழ்கடிக்கும். கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது: ‘தரம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்பதற்குச் சுவரொட்டி வாசகம் பதிலாக வரும். ‘கடைசியாக எந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன்?’ என்பதற்கு ஒரு மனிதர் பதிலாக வருவார். அவர் சொல்லி நிறுத்தியதும் சில நொடி சும்மா இருக்க வேண்டும். மனத்தில் இருந்தது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வெளியே வரும்.

ஜவ்வாது மலைக்குக் கேள்விகள் துயரத்தின் காரணமாகவும் வந்ததுண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினரால் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழை வீட்டு ஆண்கள். இம்மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். செய்தியாளர்களும் உண்மை அறியும் குழுக்களும் அந்த வீடுகளுக்குப் போனார்கள். நீதிக்காகக் கேட்ட கேள்விகள் அவை, கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் கேமராவும் குறிப்பேடுமாக வருபவரைப் பார்க்கும்போது இந்த மலைக்கு என்னென்ன நினைவுகள் வரும் என்பதைத் தேன் லேபிளுக்கு வாசகம் தேடி வருபவரும் அறிந்திருக்க வேண்டும். பின்னணி இசையோடு ‘ஏழ்மையிலிருந்து எழுச்சி’ என்று படம் பிடிக்கும் ஆசை வரும்போது கையை இழுத்துக்கொள்வது அறம்.

பதிலுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி மீதி இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பு தீர ஒரு செடியின் காயைத் தின்றார்கள். என்னவென்று கேட்டபோது முதலில் தயங்கி, பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத் தொகைக்கும் அதைக் கொடுத்தபோது, வருவாயில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997-இல் அதற்கென அறக்கட்டளை அமைந்தது. நடைமுறையில் சச்சரவுகள் எழுந்தன. எல்லாக் காணிகளும் மனம் ஒப்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும், கேட்டு வாங்கிய சொல்லுக்குச் சொன்னவர் பங்காளி என்று இந்தியாவில் எழுத்துமூலம் ஏற்றுக்கொண்ட முன்னோடி நிகழ்வு அது. விளம்பரத்துக்காகப் பேசியவருக்கும் குறைந்தபட்சம் ஒரு பங்கு உண்டு: அச்சேறும் முன் தன் சொல்லைப் பார்க்கவும் திருத்தவும் ‘இது வேண்டாம்’ என்று எடுத்துவிடவும் உள்ள உரிமை.

சொன்னவரின் உரிமையை மதிக்கும் இந்தப் பண்பைச் சிவப்பிரகாசம் பிள்ளையிடம் காணலாம். குகையில் பெற்ற பதில்களை அவர் அச்சுக்கு விரைந்து கொண்டுபோகவில்லை. ‘நான் யார்?’ வெளிவந்தது 1923-இல், கேட்டு 21 ஆண்டு கழித்து. பின்னர் ரமணரே அந்தக் கேள்வி பதில்களைக் கட்டுரை வடிவில் எழுதித் தந்தார். சொன்னவர் கையாலேயே அந்தச் சொல் மறுபடி எழுதப்பட்டது.

எந்த விளம்பரமும் 21 ஆண்டு காத்திருக்காது. இரண்டு நாள் காத்திருக்கலாம். ஜமுனாமரத்தூருக்கு இன்னொரு முறை பேருந்து ஏறி, எழுதியதைப் பேசியவரின் முன் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். எழுத்து வாசிக்காதவராக இருந்தால் இது இன்னும் அவசியம். அவர் தலையசைத்த பிறகு அந்த வரிக்கு மேற்கோள் குறி போடுங்கள்.